ஜேக்வெரியிலிருந்து ரியாக்டுக்கு, படிப்படியாக

கேள்வி: எங்கள் பழைய இணையச் செயலி முழுக்க ஜேக்வெரி (பக்கத்தின் உறுப்புகளை நேரடியாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்). ஒரேயடியாகத் திருப்பி எழுதாமல் ரியாக்டுக்கு (திரையைத் தனித்தனிப் பகுதிகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) மாற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும்; அதுதான் நல்லதும்கூட. தேடல் பெட்டி மாதிரி தனித்து நிற்கும் ஒரு பகுதியை முதலில் எடுங்கள். பழைய பக்கத்தில் அதற்கென ஒரு வெற்று டிவ் (பெட்டி போன்ற HTML உறுப்பு) வைத்து, ரியாக்டின் கிரியேட்ரூட் (createRoot) கட்டளை மூலம் அதற்குள் மட்டும் ரியாக்டை ஏற்றுங்கள். ரியாக்ட் உருவாக்கிய நோடுகளில் (பக்க உறுப்புகளில்) ஜேக்வெரி கை வைக்கவே கூடாது. அது ஒன்றை நீக்கிவிட்டால், பிறகு ரியாக்டும் அதையே நீக்கப் போய் 'ரிமூவ்சைல்டு' பிழையோடு முழுப் பகுதியும் விழுந்துவிடும்.

பழைய காலண்டர் பிளக்இன் இன்னும் வேண்டுமென்றால், ரியாக்ட் எதையும் போடாத ஒரு டிவில் யூஸ்எஃபெக்ட் (useEffect: பகுதி திரையில் வந்தபின் ஓடும் குறியீடு) வழியாக அதைத் தொடங்கி, யூஸ்எஃபெக்டின் கிளீனப்பில் (பகுதி நீங்கும்போது ஓடும் குறியீடு) பிளக்இன்னை டெஸ்ட்ராய் செய்யுங்கள். பழைய ஸ்கிரிப்ட் ரியாக்ட் ஏற்றிய பகுதியை அழித்து எழுதும் இடங்களில் முதலில் அன்மவுண்ட் (ரியாக்டை அங்கிருந்து முறையாக நீக்கும் கட்டளை) அழையுங்கள். இல்லாவிட்டால் டைமர்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஜேக்வெரியும் ரியாக்டும் பேசிக்கொள்ள கஸ்டம் ஈவென்ட் (நாமே பெயரிட்டு உலாவியில் அனுப்பும் அறிவிப்பு) போதும்.