கடலோரச் சேற்றில் காந்தக் கனிமங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காந்த மணல் கலந்த கடலோரச் சேற்றில் பாக்டீரியாக் கூட்டம் வேறாக இருக்கிறது என்கிறார்களே, காந்தமா அவற்றை இழுக்கிறது?

பதில்: பெரும்பாலும் இல்லை. காந்தப் புலத்தின் வழியே நீந்தும் பாக்டீரியாக்கள் உண்டுதான். 1975-ல் ரிச்சர்ட் பிளேக்மோர் அவற்றை விவரித்தார். ஆனால் அவை காந்தப் படிகங்களைத் தம் உடலுக்குள்ளேயே செய்துகொள்பவை. அவற்றுக்குத் திசைகாட்டுவது பூமியின் புலம்.

கூட்டத்தை மாற்றுவது கனிமத்தின் இரும்பும், அதன் மின்கடத்தும் குணமும். சேற்றில் ஆக்சிஜன் மேலே சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியா, உணவிலிருந்து பெற்ற எலக்ட்ரானை வேறெங்காவது இறக்கியாக வேண்டும். காந்த மணலில் உள்ள இரும்பு ஆக்சைடுக் கனிமமான மேக்னடைட்டின் ஃபெரிக் இரும்பு (எலக்ட்ரானை ஏற்கக்கூடிய வடிவம்) அதற்கு ஓர் இடம். மேக்னடைட் மின்சாரத்தையும் கடத்துவதால், ஓர் இனம் விடும் எலக்ட்ரானை இன்னோர் இனத்திடம் கொண்டு சேர்க்கவும் முடியும். அசிடேட்டை உண்ணும் ஜியோபாக்டரும் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் தயோபாசிலஸும் இப்படி இணைந்து வாழ்வது 2012-ல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது.

கேள்வி: சேற்றில் மேக்னடைட் சேர்த்துச் சோதிக்கப் போகிறோம். ஒப்பீட்டுக்கு எவற்றை வைப்பது?

பதில்: வெறும் சேற்றோடு மட்டும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. 100 மில்லி சீரம் பாட்டிலில் 20 கிராம் ஈரச் சேறு, 40 மில்லி வடிகட்டிய கடல்நீர், 0.2 கிராம் கனிமத்தூள் என்று தொடங்கலாம். தூள் சேர்க்காதது ஒன்று. குவார்ட்ஸ் தூள் (துகள் இருப்பதன் விளைவுக்கு), ஹேமடைட் (இரும்பு உண்டு, மின்கடத்தல் குறைவு), கிராஃபைட் (கடத்தும், இரும்பில்லை), மேக்னடைட் என நான்கு. ஆட்டோகிளேவில் (உயரழுத்த நீராவிக் கலனில்) வைத்து உயிர்களைக் கொன்ற சேற்றோடு மேக்னடைட் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். தூள்களின் துகளளவு ஒத்திருக்கட்டும். நுண்ணிய துகளையும் பெரிய துகளையும் ஒப்பிட்டால் பரப்பளவின் விளைவைத்தான் அளப்பீர்கள். ஆக்சிஜனை வெளியேற்ற 15 நிமிடம் நைட்ரஜன் ஊதி, பியூட்டைல் ரப்பர் மூடியிட்டு, இருட்டில் வையுங்கள்.

மேக்னடைட்டைச் சூடான அடுப்பில் உலர்த்தாதீர்கள், ஆக்சிஜனேறிப் பழுப்பாகிவிடும். காந்தக் கலக்கியும் ஆகாது! தூள் முழுவதும் அதன் தண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கையால் குலுக்கினால் போதும்.

கேள்வி: சில வாரங்களில் சேற்றின் காந்த ஏற்புத்திறன் (காந்தப் புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) குறைகிறது. சேற்றிலிருந்து பிரிக்கும் டிஎன்ஏவும் சரியாக வரவில்லை.

பதில்: முதலாவதற்குக் காரணம் சல்பேட். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் உண்டு. அதைச் சுவாசிக்கும் பாக்டீரியா வெளியிடும் சல்ஃபைடு மேக்னடைட்டைக் கரைத்து இரும்பு சல்ஃபைடாக்குகிறது. நுண்துகள்தான் முதலில் போகும். இடையில் உருவாகக்கூடிய கிரெய்கைட் என்ற இரும்பு சல்ஃபைடும் காந்தத்தன்மை உள்ளது. ஆகவே காந்த அளவீட்டை மட்டும் நம்பாமல் சல்ஃபைடையும் ஃபெரஸ் இரும்பையும் (எலக்ட்ரானை ஏற்றுக்கொண்ட வடிவம்) சேர்த்து அளவிடுங்கள்.

டிஎன்ஏ இரும்பு ஆக்சைடில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கும் கரைசலில் பாஸ்பேட் சேர்த்தால் ஓரளவு விடுபடும். கூடவே வரும் இரும்பு, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையையும் தடுக்கும். டிஎன்ஏ மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். அப்போது வினை நடந்தால் தடைதான் காரணம். தொல்லை என்று மேக்னடைட்டை முன்பே காந்தத்தால் பிரித்து எறிந்துவிடாதீர்கள். நீங்கள் தேடும் பாக்டீரியா அதன்மேல்தான் ஒட்டியிருக்கும்.