பாட்டி அட்ராய்ட்டா, ஸ்கில்ஃபுல்லா?

வணக்கம் ஐயா,

படிவம் 5 படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் தன் பாட்டியை 'அட்ராய்ட் குக்' என்று எழுதினாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'ஸ்கில்ஃபுல்' என்று திருத்தியிருக்கிறார். அகராதியில் இரண்டுக்கும் 'திறமையான' என்றுதானே போட்டிருக்கிறது?

– வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

இலக்கணப்படி பிழையில்லை. ஆனாலும் நான் ஆசிரியர் பக்கம்தான். ஏழெட்டு ஆங்கிலச் சொற்களுக்கு 'திறமையான' என்ற ஒன்றையே எழுதி முடித்துவிடுகிறார்கள் நம் அகராதிக்காரர்கள். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

அட்ராய்ட்டுக்கு நெருக்கமானது 'சாமர்த்தியமான'. கைவேலைக்கும் அது வரும். ஆனால் இன்று பெரும்பாலும் சிக்கலைச் சமாளிப்பவருக்கே வருகிறது. நிருபர் எடக்குமடக்காகக் கேட்கிறார். அமைச்சர் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பதில் சொல்லி நழுவுகிறார். அது அட்ராய்ட். பெரும்பாலும் ஒரு நெருக்கடியோ எதிராளியோ பக்கத்தில் இருக்கும். பாட்டியின் மீன் குழம்பில் அப்படி ஒன்றும் இல்லையே. விருந்துக்குக் கூடுதலாக ஐம்பது பேர் வந்துவிட, இருந்ததை வைத்தே பாட்டி பந்தியைச் சமாளித்தார் என்று மகள் எழுதியிருந்தால், அங்கே 'அட்ராய்ட்லி' கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

'டெஃப்ட்' என்பது லாவகம். மாமாக் கடையில் ரொட்டி சானாய் மாவைக் கிழியாமல் வீசி விரிக்கிறாரே, அந்தக் கை டெஃப்ட். 'அடெப்ட்' என்றால் கைதேர்ந்தவர்; பின்னால் 'அட்' அல்லது 'இன்' சேரும். அவசரத்தில் அதை 'அடாப்ட்' என்று எழுதிவிட்டால் பொருளே மாறிவிடும்.

ஸ்கில்டு, ஸ்கில்ஃபுல் இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கிய வெல்டர் ஸ்கில்டு, அதாவது பயிற்சி பெற்றவர். அவர் செய்த பற்றவைப்பு நேர்த்தியாக இருந்தால்தான் ஸ்கில்ஃபுல். பாட்டிக்கு இரண்டாவதுதான் சரி.

வேரைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்த அட்ராய்ட்டின் உள்ளே 'நேர், வலது' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. 'கைத்திறன் மிக்க' என்னும் 'டெக்ஸ்டெரஸ்' லத்தீனில் வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் இடதைக் குறிக்கும் 'கோஷ்' ஆங்கிலத்தில் 'நயமற்ற' என்றாகிவிட்டது. இடக்கைக்காரர்மேல் நம்மவர்களுக்கு மட்டுமா ஓரவஞ்சனை!

படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டலும் முக்கியம். பிரிட்டிஷ் முறையில் ஸ்கில்ஃபுல்லின் நடுவில் ஒரே 'எல்'. அமெரிக்கர் அங்கே இரண்டு போடுவார்கள். கடைசியில் இரண்டு 'எல்' எந்த முறையிலும் கிடையாது. ஒரு முறையை எடுத்தால் கட்டுரை முழுக்க அதிலேயே போகச் சொல்லுங்கள்.