புள்ளிக்கு இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கோவையில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ‘பண்பாட்டு அடையாளம்’ என்ற தலைப்பில் மூன்று சுவரொட்டிகளைச் செய்து தரும்படி இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பணி கொடுத்தார்கள். முதலாவதில் ஒரு கோபுரத்தையும் அதற்குக் கீழே புள்ளிக்கோலத்தால் ஆன கரையையும் வைத்தேன். இரண்டாவதில் ஏறுதழுவும் காளை, மூன்றாவதில் பரத முத்திரை காட்டும் கை. மூன்றிலும் மேலே ஆங்கிலத்தில் ‘ரூட்ஸ்’ என்ற பெரிய தலைப்பும், அடியில் சிறிதாக ‘வேர்களை தேடி’ என்ற வரியும் இருக்கும். இடையில் வரவேண்டிய ‘த்’ என்ற எழுத்தின் புள்ளி மேலேயுள்ள கோலக் கரையில் இடித்ததால் அந்த எழுத்தை எடுத்துவிட்டேன். காட்சி அமைப்பு பலவீனமாக இருக்கிறது, முதன்மைப் பொருளைப் படத்தின் நடுவில் வைக்காமல் மூன்றிலொரு பங்குக் கோட்டில் வைக்கவேண்டும் என்னும் மூன்றிலொரு பங்கு விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று சொல்லி ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அந்த விதி மேற்கத்தியது அல்லவா? நம் பண்பாட்டைக் காட்டும் படத்துக்கு அது எதற்கு? நமக்கென்று காட்சி அமைப்பு விதிகள் இருந்தால் சொல்லுங்கள். எந்த மென்பொருள் நல்லது, மேற்படிப்புக்கு அகமதாபாத் போகலாமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். படங்களை இணைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழின் மெய்ப்பு என் பார்வைக்கு வந்தது. அழகுக்காக எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்திருந்தார்கள். ‘எதிர்நோக்கும்’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் நகரம் நடுவிலும் கால் மறுபக்கமுமாக மூன்று அந்நியர்களைப் போல நின்றன. அந்தக் கால் பார்ப்பதற்கு ரகரம் போலவே இருந்தது. அன்றிலிருந்து மனத்தில் கிடந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது.

மேற்படிப்பைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டதற்கு, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த ஓர் அறிக்கை அடிப்படையாக இருந்தது. அதில் அவர்கள் வியந்து பேசியது கோபுரத்தைப் பற்றியோ சிற்பத்தைப் பற்றியோ அன்று, நம் வீட்டுச் செம்பைப் பற்றி. அது எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் வைத்தால் எப்படி அமரும், சாய்த்தால் எப்படி ஊற்றும், இன்னொரு பாத்திரத்தில் பட்டால் என்ன ஓசை எழும் என்று கேள்விகளாக அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, போவதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுங்கள். மென்பொருள் கேள்விக்கு ஒரே பதில்தான்: எதைப் பயன்படுத்தினாலும் அதில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதியைத் திறந்து வையுங்கள், திறக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும்.

மூன்றிலொரு பங்கு விதிக்கு வருகிறேன். அந்தப் பெயரை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797இல் வெளியிட்ட நூலில் காணலாம். நாட்டுப்புற இயற்கைக் காட்சிகளை வரைவது பற்றிய நூல் அது. வானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை இன்று எல்லாப் படங்களுக்கும் சட்டமாகிவிட்டது. ஆனால் மேற்கிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளுவது சோம்பேறித்தனம். அது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பார்க்கவேண்டும். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி வீடுதோறும் தொங்கின. அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து கை பழகியவர். மேற்கத்திய முறை தெரியாதவர் அல்லர். ஆனாலும் தெய்வத்தை நட்ட நடுவில், நேர்முகமாக, பார்ப்பவரின் கண்ணை நோக்கி அமர்த்தினார். வீட்டுக்காரர் விளக்கேற்றிவிட்டு நிமிரும்போது அந்தக் கண் அவரைப் பார்க்கவேண்டும். முருகனை மூன்றிலொரு பங்குக் கோட்டுக்குத் தள்ளிவைத்தால் அவன் கூடத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருப்பான். யார், எங்கே நின்று, எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்துதான் அமைப்பு பிறக்கிறது. உங்கள் ஆசிரியர் பலவீனம் என்று சொன்னது சரி. அதற்குக் கொடுத்த காரணம்தான் போதாது.

இனி நான் உங்களிடம் கோபித்துக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்று சுவரொட்டிகளிலும் தமிழாக இருப்பவை அனைத்தும் ஊமையாக நிற்கின்றன. பேசுவது ஆங்கிலம் மட்டும். கோபுரம் எந்த ஊர்க் கோபுரம் என்று தெரியவில்லை, காளையின் திமில் எந்த வகைக் காளையுடையது என்று தெரியவில்லை, இணையத்தில் கிடைத்த நிழலுருவங்களை இறக்கி ஒட்டியிருக்கிறீர்கள். அதைக்கூட ஒரு மாணவியின் அவசரம் என்று விட்டுவிடுவேன். ஆனால் புள்ளி இடித்தது என்பதற்காக ஒரு மெய்யெழுத்தையே எடுத்துவிட்டேன் என்று நீங்கள் இயல்பாக எழுதியிருக்கும் வரியை என்னால் கடந்து போக முடியவில்லை. எந்தப் புள்ளி எதில் இடித்தது என்று எண்ணிப் பாருங்கள். கோலத்தின் புள்ளிகளைப் பண்பாடு என்று வரிசையாக அடுக்கிவிட்டு, எழுத்தின் புள்ளியை இடைஞ்சல் என்று அகற்றியிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில் சிக்குக்கோலம் போடுபவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் ஒரு நாள் காலையில் உட்காருங்கள். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு புள்ளிகளை எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் அவர் இழையைத் தொடங்குவார். இழை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு போகும். ஒரு புள்ளி விட்டுப்போனால் இழை திசை தவறிவிடும், அவர் அழித்துவிட்டு மறுபடியும் வைப்பார். இழைக்கு இடைஞ்சல் என்று புள்ளியை எடுக்கும் கோலம் கிடையாது. நமக்கென்று ஒரு காட்சி அமைப்பு விதி உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா? அதை முதல் சுவரொட்டியின் கரையாகவே ஒட்டிவைத்திருக்கிறீர்கள்.

எழுத்துக்கும் அப்படித்தான். ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்பதைப் படிப்பவர் இடம் பார்த்து உய்த்துணரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சுவடிகளை விரித்துவைத்துக்கொண்டுதான் உ.வே. சாமிநாதையர் பாடம் தேடினார். அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்த ஆண்டு 1578. அங்கிருந்து கணக்கிட்டால் தமிழ் எழுத்து தாளின்மேல் தன் புள்ளியையும் கொம்பையும் காலையும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநிறுத்திக்கொள்ளப் பல தலைமுறைகளின் உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. நீங்கள் அதை ஒரு விசையைத் தட்டி நீக்கிவிட்டீர்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. திருநெல்வேலியில் எங்கள் தெருமுனையில் பெயர்ப்பலகை எழுதும் அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். தகரத்தில் அடிப்பூச்சு காய்ந்ததும் சுண்ணாம்புத் தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டுக் கோடு போடுவார். மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. ‘பித்தளைப் பாத்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று ஒரு பலகை வந்தது. அதற்கு நான்தான் கோடு போடுவேன் என்று அடம்பிடித்து, ஆங்கிலப் பலகைகளுக்குப் போடுவதைப் போல வரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கோடுகளை நெருக்கமாகப் போட்டேன். ‘வாடகைக்குக்’ என்பதில் உள்ள குகரத்தின் வால் அடுத்த வரியின் மேல்விலங்கில், அதாவது ‘கி’யின் மேல் வளைவில், போய் இடிக்கும் என்பதைப் பார்த்ததும் அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, “மேல விலங்கு, கீழ வாலு, ரெண்டுக்கும் இடம் விட்டுட்டுத்தாம்ல உடம்ப வைக்கணும்” என்றார். பிறகு நான்கு கோடுகளைப் போட்டார். எழுத்துகளை அவர் எண்ணும் முறையும் தனி. ணகரத்துக்கு இரண்டு வீடு, ரகரத்துக்கு அரை வீடு, ககரத்துக்கு ஒரு வீடு என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, நூலை இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இருபுறமும் எழுதுவார். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்குவார், வரியை உடைப்பார், ஓரத்துப் பூவை அழிப்பார். எழுத்தை எடுத்ததே இல்லை.

அவர் பேச்சில் இருந்த சொற்களைப் பாருங்கள்: உடம்பு, வால், விலங்கு. தொடக்கப் பள்ளியில் நாம் கற்ற கொம்பும் துணைக்காலும் அதே வரிசையைச் சேர்ந்தவைதான். தமிழ் தன் எழுத்தை ஓர் உயிரியின் உடலாகப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் ஊன்றும், விலங்கு தலைக்கு மேல் வளையும். ஆகவே ரோமன் பெரிய எழுத்துகளைப் போல இதை ஒரே உயரமுள்ள செங்கல்லாக அடுக்க முடியாது. வரிகளுக்கு இடையில் காற்று வேண்டும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவும் இல்லை. எது முதன்மை, எது துணை என்பதை அளவாலும் தடிமனாலும் வண்ணத்தாலும் வெற்றிடத்தாலும் மட்டுமே காட்டவேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் மல்லுக்கட்டியிருந்தால் உங்கள் சுவரொட்டியில் கோபுரமே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் வரியில் உள்ள ‘ளை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நூறாண்டுக்கு முன் இந்த வடிவத்தில் அச்சாகவில்லை. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கையைப் போன்ற ஒரு சுழியை உடம்போடு சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு நின்றன. பெரியார் 1935இல் குடி அரசில் தொடங்கிவைத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியபோது ணா, றா, னா உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கும் அது நன்மையே, நான் அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் காட்சியளவில் என்ன நிகழ்ந்தது என்று யோசியுங்கள்: மேல்நோக்கி எழுந்த எழுத்து பக்கவாட்டில் நீண்டது, ஒரு வீடு இருந்த இடத்தில் இரண்டு வீடு ஆயிற்று. அண்ணாச்சி சில காலம் கடைக்காரர்களிடம் “பழசா, புதுசா?” என்று கேட்டுவிட்டுத்தான் நூலை மடிப்பார், ஏனென்றால் கணக்கு மாறும். அடையாளம் என்ற தலைப்பில் படம் செய்யச் சொன்னால், உங்கள் பாட்டி எழுதிய ளையும் நீங்கள் எழுதும் ளையும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சுவரொட்டி போதாதா? அதில் ஒரு மொழி தன்னைத் தானே திருத்திக்கொண்ட வரலாறு முழுவதும் இருக்கும். எந்தப் பண்பாட்டின் படமும் அதன் பழம்பொருள்களின் பட்டியலாக இருக்கவேண்டியதில்லை.

நான் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாவது படத்தில் அந்தக் கையின் விரல்களுக்கு இடையே நீங்கள் விட்டிருக்கும் வெற்றிடம் தற்செயலாக வந்தது அன்று. சுண்டுவிரலின் வளைவு தாளின் ஓரத்தைத் தொடாமல் நிற்கும்படி கையைச் சற்று உள்ளே இழுத்திருக்கிறீர்கள். விரலுக்கு இடம் விடத் தெரிந்த கண் அது. அதே கண்ணால் எழுத்தைப் பாருங்கள்.

படங்கள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். ஆங்கிலத் தலைப்பும் வேண்டாம். நான்கு கோடு போட்ட தாளில் ‘வேர்களைத் தேடி’ என்பதைக் கையால் ஐம்பது முறை எழுதிப் பாருங்கள். வகரத்தின் கொம்பு எவ்வளவு விலகலாம், ‘த்’தின் புள்ளிக்கு மேலே எத்தனை இடம் வேண்டும், கடைசி ‘டி’யின் விலங்கு வரியை எப்படி மூடுகிறது என்பதெல்லாம் இருபதாவது முறைக்குமேல் தெரியத் தொடங்கும். பிறகு கோலம் வேண்டுமென்றால் அந்தப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். பருவத்தேர்வு முடிவதற்குள் செய்யமுடிந்தால் எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஆசிரியர் மதிப்பெண்ணைக் கூட்டுகிறாரோ இல்லையோ, உங்கள் அனுமதியோடு இந்தப் பதிலின் கீழேயே அதை வெளியிடுகிறேன்.

அன்புடன்.