படம் அழிந்தது, ஒலி பிழைத்தது: வாசகர் கேள்வி – பதில்

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் அழிந்துபோன எபிசோடுகளை அனிமேஷனில் மீட்டெடுத்து டி.வி.டி., ப்ளூ-ரேயாக வெளியிடுகிறார்கள். அவற்றைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும் இங்கே.

கேள்வி: ஒளிபரப்பான நிகழ்ச்சி எப்படித் தொலையும்? படம் போனபின் ஒலி மட்டும் எப்படி மிஞ்சியது? (மதுரை)

தொலையவில்லை, அழித்தார்கள். 1960-களில் இந்தத் தொடர் இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பில் பதிவானது. டேப் விலை அதிகம்; அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். நடிகர்களுடனான ஒப்பந்தம் மறுஒளிபரப்புக்கு வரம்பு வைத்திருந்தது. ஆகவே, வேலை முடிந்த டேப்புகளை அழித்துக்கொண்டே வந்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையிலிருந்து 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த பிரதிகள் தனியாக இருந்தன. உரிமைக் காலம் முடிந்ததும் அவையும் குப்பைக்குப் போயின. 1978-ல்தான் இது நின்றது. நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து 9 எபிசோடுகள் மீட்கப்பட்ட செய்தி 2013-ல் வந்தது. அதற்குப் பிறகும், 1960-களில் ஒளிபரப்பான 253 எபிசோடுகளில் 97 இல்லை என்பதே கணக்காக இருந்தது.

ஆனால் அந்த 97-க்கும் ஒலி இருக்கிறது. இங்கிலாந்தில் சில இளம் ரசிகர்கள் டி.வி. முன்னால் மைக்கை வைத்து ரீல் டேப்பில் வாராவாரம் பதிந்தார்கள். ஒருவர் டி.வி.யின் ஒலிச் சுற்றிலிருந்தே வயர் இழுத்துப் பதிந்தார். மிகத் தெளிவாக இருப்பவை அந்தப் பதிவுகள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். வசனமும் இசையும் கதவு சாத்தும் சத்தமும் இருந்தால் முக்கால் கதை கைக்கு வந்துவிடும்.

மிச்சக் கால் பங்குக்குக் கைகொடுப்பவர் ஜான் க்யூரா. ஒளிபரப்பின்போது டி.வி. திரையையே ஸ்டில் கேமராவில் படம்பிடித்து, இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்றவர். ஓர் எபிசோடுக்கு 60-க்கு மேல் படங்கள் எடுப்பார். ‘டெலிஸ்நாப்’ என்று சொல்வது இவற்றைத்தான். எல்லா எபிசோடுக்கும் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவற்றுக்குத் தங்கத்தின் மதிப்பு.

கேள்வி: ஓர் எபிசோடை அனிமேஷனாக மாற்றும்போது என்னென்ன படிகள்? சில வெளியீடுகள் நன்றாகவும் சில விறைப்பாகவும் இருப்பது ஏன்? (திருச்சி)

முதல் வேலை ஒலியில்தான். பழைய ரீல்களில் வேகம் மாறியிருக்கும், 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் இருக்கும், வீட்டுக்குள் நடந்த சத்தம் கலந்திருக்கும். ஒரே எபிசோடின் இரண்டு மூன்று பதிவுகளை ஒத்துப்பார்த்து, ஒன்றில் சிதைந்த சொல்லை மற்றொன்றிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். தொடரின் தொடக்க இசை நல்ல பிரதியாகக் கையில் இருப்பதால், அதன் சுருதியோடு ஒப்பிட்டு டேப்பின் வேகத்தைத் திருத்தலாம். ஒலியின் நீளம் முடிவாகாமல் ஒரு கோடுகூட வரையக் கூடாது. பிறகு அரை நொடி மாறினாலும் எல்லா உதட்டசைவும் தவறிப்போகும்.

அடுத்தது கேமரா ஸ்கிரிப்ட். எந்த வசனத்துக்கு எந்த கேமரா, குளோஸ்-அப்பா தூரக் காட்சியா என்பது அதில் இருக்கும். அதையும் டெலிஸ்நாப்களையும் ஒலியின்மேல் வரிசைப்படுத்தி, அசையாப் படங்களாலேயே முழு எபிசோடையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். அதன் பின்னரே பாத்திரங்கள். முகத்தை நேர், முக்கால், பக்கவாட்டு என்று கோணத்துக்கு ஒன்றாக வரைந்து, தலை, கண், புருவம், வாய், கை எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாக வைத்து, பொம்மலாட்டம்போல அசைப்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 25 நிமிட எபிசோடு, நொடிக்கு 25 ஃபிரேம். மொத்தம் 37,500. இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்றாலும் 18,750. ஒவ்வொன்றையும் கையால் வரையும் பணம் எந்த வெளியீட்டுக்கும் கிடைப்பதில்லை. அதனால்தான் துண்டு அசைவு.

விறைப்பு வருவதும் இங்கேதான். துண்டு அசைவில் பேசுவது சுலபம், நடப்பது கஷ்டம். இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் சேர்ந்து அசையாவிட்டால் ஆள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். அதனால் இடுப்புக்குமேல் காட்டித் தப்பிப்பார்கள். இன்னொரு தப்பிக்கும் வழி, படத்தை வேகமாக வெட்டி வெட்டிக் காட்டுவது. 2013-ல் வந்த ‘த ரெயின் ஆஃப் டெரர்’ டி.வி.டி.யில் 4, 5-ஆம் எபிசோடுகளின் அனிமேஷன் பலருக்கு உறுத்தியது இதனால்தான். 1964-ல் ஸ்டுடியோவில் நிதானமாக ஓடிய காட்சிக்கு இந்தக் காலத்து வெட்டு வேகம் ஒட்டவில்லை. ஒலி ஒரு தாளத்தில் போகும்போது படம் வேறு தாளத்தில் போனால், கண் ஓயாமல் தடுக்கும்.

வசனமே இல்லாத இடங்கள் அதைவிடப் பெரிய சிக்கல். ‘த பவர் ஆஃப் த டாலெக்ஸ்’ (1966) பேட்ரிக் ட்ரௌட்டன் தொடரின் நாயகனான ‘டாக்டர்’ வேடத்தில் நடித்த முதல் முழுக் கதை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ரெக்கார்டர் குழலை எடுத்து ஊதுவார் அவர். ஒலியில் குழல் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் கண் எங்கே போனது, புருவம் என்ன செய்தது என்பதற்கு ஸ்கிரிப்ட்டிலும் பதில் இல்லை, இருபது சொச்சம் நொடிக்கு ஒன்றாக உள்ள டெலிஸ்நாப்பிலும் இல்லை. அனிமேஷன் கலைஞர் அங்கே தானே நடித்தாக வேண்டும். அதே கதையில் வில்லன்களாக வரும், உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவற்றுக்கு உதடு இல்லை. பேசும்போது தலையின் இரு விளக்குகள் எழுத்துக்கு எழுத்து மினுக்கினால் போதும். டாலெக் காட்சிகள் இந்த வெளியீடுகளில் எப்போதும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் வந்ததை ஏன் வண்ணத்தில் தருகிறார்கள்? எதைப் பார்ப்பது? (சென்னை)

விற்பனைக்காக. பழைய கறுப்பு வெள்ளை என்றால் புதிய பார்வையாளர்கள் தயங்குகிறார்கள். ‘த மேக்ரா டெரர்’ (2019) முதலிய சில பெட்டிகளில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையையே தேர்ந்தெடுங்கள். பழமைப் பற்றினால் சொல்லவில்லை. துண்டு அசைவு அனிமேஷனில் நிறம் சீராகப் பூசினதுபோல் தட்டையாக இருக்கும். சாம்பல் நிறத்தில் அந்தத் தட்டை மறைந்து நிழல் முன்னுக்கு வரும். தவிர, ஒலியில் கேட்பது 1960-களின் ஸ்டுடியோ. அதன் எதிரொலிக்கு இருட்டான படமே பொருந்துகிறது.

கேள்வி: அனிமேஷன் வேண்டாம், ஸ்டில் படங்களே போதும் என்கிறார் என் நண்பர். சரியா? (யாழ்ப்பாணம்)

சில கதைகளுக்கு அவர் சொல்வது சரி. ‘த வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் ஆறு எபிசோடுகளில் மூன்றாவது மட்டும் இல்லை. 2014 டி.வி.டி.யில் அதை டெலிஸ்நாப்களால் நிரப்பினார்கள். 2021-ல் முப்பரிமாண அனிமேஷனாகத் தந்தார்கள். முன்னும் பின்னும் நிஜ நடிகர்களைப் பார்த்துக்கொண்டு வரும்போது, நடுவில் கணினிப் பொம்மைகள் வந்தால் மனம் ஒட்டுவதில்லை. ஸ்டில் படத்தில் இருப்பது அதே முகம், அதே வெளிச்சம். முழுக் கதையும் அழிந்த இடத்திலோ நிலைமை தலைகீழ். ஆறு எபிசோடுகளை ஸ்டில்லில் பார்க்கப் பெரும் பொறுமை வேண்டும். அங்கே அனிமேஷன் பெரிய உபகாரம். ‘ஃபியூரி ஃப்ரம் த டீப்’ (1968) பெட்டியில் அனிமேஷன், ஸ்டில் வடிவம் இரண்டும் உண்டு. ஆஸ்திரேலியத் தணிக்கை வெட்டி எறிந்து, பின்னாளில் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்ட சில நொடித் துண்டுகளும் அதில் இருக்கின்றன. தணிக்கைக்காரர் வெட்டியது பிழைத்து, மிச்சத்தில் பெரும்பகுதி அழிந்திருக்கிறது.

முதலில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடலாம்: 2006-ல் வந்த ‘த இன்வேஷன்’. எட்டு எபிசோடுகளில் 1-ம் 4-ம் மட்டும் அனிமேஷன். காஸ்க்ரோவ் ஹால் நிறுவனம் செய்தது. முதல் எபிசோடை வரைபடமாகவும் இரண்டாவதை நிஜமாகவும் பார்க்கும்போது, ஒலி அதே ஒலிதான் என்பது காதுக்குப் பிடிபடும்.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து வரவழைத்த டி.வி.டி. இங்கே ஓடவில்லை. தட்டு பழுதா? (கோயம்புத்தூர்)

பெரும்பாலும் ரீஜன் கோடுதான் காரணம். எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் தட்டு ஓடும் என்பதைக் குறிக்கும் எண் அல்லது எழுத்து அது. டி.வி.டி.யில் பிரிட்டன் 2, இந்தியாவும் இலங்கையும் 5, மலேசியாவும் சிங்கப்பூரும் 3. ப்ளூ-ரேயில் பிரிட்டன் பி. இந்தியா, இலங்கை சி. மலேசியா, சிங்கப்பூர் ஏ. எல்லாத் தட்டும் பூட்டப்பட்டிருக்காது. வாங்குமுன் பின்னட்டையில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். பல டி.வி.டி. பிளேயர்களை ரிமோட்டிலேயே எல்லா ரீஜனுக்கும் திறந்துவிடலாம். ப்ளூ-ரே பிளேயரில் அது எளிதல்ல. கணினியின் டி.வி.டி. டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். பிரிட்டனின் ‘பால்’ (PAL) என்ற டி.வி. ஒளிபரப்பு முறை பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவும் அதே முறைதான்.

ஓடத் தொடங்கியபின் இன்னொன்றைக் கவனியுங்கள். பிழைத்த எபிசோடுகள் பலவற்றில் விட்ஃபயர் என்ற முறையைப் பயன்படுத்தி, ஃபிலிம் பிரதியில் தொலைந்த வீடியோ வழவழப்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். நொடிக்கு 50 புலங்கள் (ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகள் கொண்ட அரைப் படங்கள்) ஓடும். கணினியில் பார்த்தால் அசையும் ஓரங்களில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரியும். வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் டீஇன்டர்லேஸை இயக்கி ‘யாடிஃப் 2எக்ஸ்’ வையுங்கள். கோடும் போகும், வழவழப்பும் நிற்கும். பழைய எபிசோடுகள் 4:3 அளவு. டி.வி. தானாக இழுத்து அகலப்படுத்தினால் எல்லா முகமும் உப்பித் தெரியும். அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குழு நடித்த நாடகம் ஒன்று கேசட்டில் ஒலியாக மட்டும் இருக்கிறது. இதே முறையில் சிறு பகுதியை அனிமேஷனாகச் செய்ய முடியுமா? (தஞ்சாவூர்)

தாராளமாக. ஒரு நிமிடத்தோடு தொடங்குங்கள்; 1,500 ஃபிரேம் வரும்.

கேசட்டை உடனே ஓட்டிவிடாதீர்கள். டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். கேசட்டுக்குள் ஹெட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பஞ்சுத்திண்டு உதிர்ந்திருந்தால், டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றினால் ஒட்டியிருக்கும் சுருள்கள் பிரியும். பிறகு ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்குள்ளேயே மெல்லத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பதிந்த டெக்கின் ஹெட் சாய்வு வேறாக இருந்திருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் எந்த மென்பொருளாலும் அந்தக் கூர்மை திரும்பாது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டபிள்யூ.ஏ.வி. கோப்பாகப் பதியுங்கள், உச்சம் −6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். 30 நிமிட மோனோவுக்குச் சுமார் 260 எம்.பி. ஆகும். அந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் அந்த அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் குறுகலான வடிகட்டி வைத்தால் மின் இரைச்சல் குறையும். டேப் இரைச்சலை 6 முதல் 8 டெசிபெல் குறைத்தால் போதும். அதற்குமேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும்.

படத்துக்கு, ஒரு பாத்திரத்துக்கு எட்டு வாய் வடிவங்கள் வரைந்துகொள்ளுங்கள். தமிழில் ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடு முழுதும் மூட வேண்டும். தவறினால் உடனே காட்டிக்கொடுப்பவை இவைதான். ‘அம்மா’ என்ற சொல்லில் மூடிய வாய் மூன்று நான்கு ஃபிரேமாவது நிற்கட்டும். ஒரே ஃபிரேம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. வாய் வடிவம் ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னதாக வருவது நல்லது; பின்தங்கினால் மொழிமாற்றப் படம்போல் தோன்றும். கண் சிமிட்டலை வசனத்தின் நடுவில் வைக்காமல், மூச்சு விடும் இடத்தில் வையுங்கள்.

மேடையில் யார் எங்கே நின்றார்கள் என்பதை, நடித்தவர்கள் நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய புகைப்படங்கள் எத்தனை மங்கலாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். புடவைக் கரையும் மூக்குக் கண்ணாடியும் அவற்றில்தான் கிடைக்கும்.