சிங்கப்பூரில் பிள்ளைகளை இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போகலாமா? டைனோசரைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாம். சென்ற ஜூன் விடுமுறையில் மகனையும் எழுபது வயது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு கென்ட் ரிட்ஜில் இருக்கும் லீ கொங் சியான் அரும்பொருளகத்துக்குப் போயிருந்தேன். டைனோசர்களிடமே முழு நேரத்தையும் கொடுத்துவிடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

அவை மூன்று: பிரின்ஸ், அப்போலோனியா, டுவிங்கி. அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்தவை. மகன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தான். அம்மாவோ, "திமிங்கிலம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் தேடியது வேறொன்றை. 1960களில் பள்ளியிலிருந்து ஸ்டாம்ஃபர்ட் சாலை அரும்பொருளகத்துக்குப் போனபோது கூரையிலிருந்து தொங்கிய எலும்புக்கூடு அது. 1892இல் மலாக்கா அருகே கரையொதுங்கியது. 1907 முதல் அங்கே தொங்கியது. 1972இல் அந்த அரும்பொருளகம் வரலாறு, கலை என்று திசை மாறியதும் விலங்கு மாதிரிகள் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்குப் போய் இடம் இடமாக அலைந்தன. திமிங்கிலத்தை 1974இல் மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவற்றுக்கு 2015 ஏப்ரலில்தான் இந்தச் சொந்த வீடு. பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவுக்குப் பின் கட்டித் தரும் அரசு அடுக்குமாடி வீடு) நாம் காத்திருப்பதெல்லாம் ஒரு காத்திருப்பா!

திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 10 அன்று ஜூரோங் தீவு அருகே 10.6 மீட்டர் நீளப் பெண் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. நாட்டின் பொன்விழா ஆண்டல்லவா, 'ஜூபி லீ' என்று பெயர் வைத்து, எலும்புகளைக் கோத்து நிறுத்திவிட்டார்கள். அதன் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் குப்பையும் சோத்தோங் (கணவாய்) அலகுகளும் காட்சியில் உண்டு.

"சோத்தோங்குக்கு ஏது அலகு?" என்றான் மகன். நான் விழித்தேன். "சமைக்கும்போது கறுப்பாக, கிளிமூக்கு மாதிரி ஒன்றைக் கிள்ளி எறிவேனே, அதுதான்" என்றார் அம்மா. அதன்பின் அவன் பாட்டியின் கையை விடவேயில்லை.

ஜூபி லீயை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அது இதைவிடப் பெரியது" என்றார் அம்மா. சரிதான், பழையது 13 மீட்டர். இப்போது மலேசியாவின் லாபுவான் தீவில் இருக்கிறது.

திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். கிளமெண்டியிலிருந்து 96ஆம் எண் பஸ் போகும். உள்ளே குளிர் கடுமை. பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.