நான்கு டைலுக்காக முழு சீலிங்கையும் பிரிக்க வேண்டாம்

கேள்வி: அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கிறோம். வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கின் 2க்கு 2 அடி ஃபைபர் டைல்களில் நான்கு நடுவில் தொங்குகின்றன. இன்டீரியர் வேலை செய்பவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியமில்லை. ஹால் 120 சதுர அடி என்று வைத்தால், கெட்டுப்போனது 16 சதுர அடிதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் 16 சதுர அடி வேலையைத் தானாகச் சொல்லமாட்டார்.

முதலில் சுவருக்குச் சுவர் ஒரு நூலை, டைல்களைத் தாங்கும் கம்பிச்சட்டத்தை ஒட்டி இழுத்துக் கட்டுங்கள். சட்டம் நடுவில் நூலைக் கீழே தள்ளினால், மேலே தொங்கவிட்ட கம்பி தளர்ந்திருக்கிறது; அதை முறுக்கினால் போதும். சட்டம் நேராக இருந்தால் டைல்தான் ஈரம் குடித்திருக்கிறது. அப்படித் தொங்கியது காய்ந்தாலும் நிமிராது. திருப்பிப் போட்டால் மறுபடியும் தொங்கும். பெயின்ட் அடித்தால் பாரம்தான் கூடும்.

மாஸ்க், கண்ணாடி போட்டு, மின்பெட்டியில் உள்ள எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, டைலை இரு கைகளாலும் மேலே தள்ளிச் சாய்த்து எடுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி குழாயின் உறை கிழிந்து சொட்டுகிறதா? லைட்டின் பாரம் டைல் மீது இருக்கிறதா? இருந்தால் லைட்டை மேலே உள்ள காங்கிரீட் தளத்திலிருந்து தனிக் கம்பியில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தள்ளும்போது டைல் கனத்தால், மேலே கலகலவென்று ஏதாவது உருண்டால், உடனே விட்டுவிட்டு இறங்குங்கள். தளத்தின் சிமென்ட் துண்டுகள் அதன்மேல் விழுந்து கிடக்கின்றன. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளுகிறது. பக்கத்து டைலை எடுத்து, ஓரமாக நின்று பாருங்கள். துருவின் பழுப்புக் கறையோ கம்பியோ தெரிந்தால் கட்டட இன்ஜினியர் பார்க்கும்வரை அந்த இடத்தின் கீழே யாரும் உட்கார வேண்டாம். புது டைல் போட்டு மூடுவது ஆபத்தை மறைப்பதுதான்.

வெறும் நீர்க்கறை என்றால் மொட்டைமாடி கசிகிறது. வடிகுழாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் ஒரு நாள் தேக்கிப் பாருங்கள். கசிவை நிறுத்தாமல் டைல் மாற்றினால் அடுத்த மழையில் அதுவும் தொங்கும். ஈரத் தளத்தின் மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு ஒரு கோட் பூசிவிட்டுப் பத்து வருட கியாரண்டி எழுதித் தருபவர்களை நம்பாதீர்கள். ஈரத்தில் பூச்சு பிடிக்காமல் உரிந்துவிடும்.

கட்டுநரையும் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், பிரிவு 14(3)இன்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் குறை சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சட்டத்தில் 30 நாள்தான். நடப்பிலோ ஒரு மேற்பார்வையாளர் வந்து வெள்ளை சிமென்ட் தடவிப் போவார், மறுபடி ஒழுகும், மறுபடி வருவார், அதற்குள் ஐந்து வருடம் ஓடிவிடும். எத்தனை குடும்பங்களை இப்படி இழுத்தடிக்கிறார்கள்! வாய்மொழியாகச் சொல்லாமல், போட்டோவோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

டைலை நீங்களே வாங்குங்கள். 2 அடி என்று சொன்னாலும் 600 மில்லிமீட்டர் சட்டத்துக்கு 595 மில்லிமீட்டர் டைல்தான் உட்காரும். பழைய டைல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓரத்தின் வெட்டையும் ஒப்பிட்டு, இரண்டு உபரியாக வாங்கி வையுங்கள்.