பழைய சிரிப்பைப் பத்திரம் எழுதி வாங்க முடியுமா?

கேள்வி: திருமங்கலத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். மகன் விஸ்காம் முடித்துவிட்டு நான்கு வருடமாகச் சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறான். அவனுக்குப் பழக்கமான ஒருவர், 1970களில் வந்த ஒரு காமெடிப் படத்தின் ரீமேக் உரிமை தன்னிடம் இருக்கிறது, 15 லட்சம் கொடுத்தால் மகன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். ‘அன்றைக்கே நூறு நாள் ஓடிய கதை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்’ என்று தினமும் போன் வருகிறது. ரீமேக் பண்ணினால் பழைய படம் அளவுக்கு வருமா ஐயா? பணத்தைக் கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முன்பணம், டோக்கன், ‘சும்மா ஒரு நம்பிக்கைக்கு’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில் முப்பது வருடத்துக்கு மேல் படம் வாங்கி வெளியிட்டவன் நான். தொழிலில் இதை எம்.ஆர். ஏரியா என்போம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லி விற்றவர்கள் யாரும் தங்கள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் வராது. கதை கெட்டுப்போய்விட்டதா என்றால், இல்லை. காமெடிப் படத்தில் கதை என்பது துணி காயப்போடுகிற கொடி மாதிரி. கொடியை மட்டும் வாங்கி வந்து கட்டிவிட்டால் துணி தானாக வந்து தொங்காது.

‘தில்லு முல்லு’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் பாலசந்தர் எடுத்ததே ரீமேக்தான். 1979இல் இந்தியில் வந்த ‘கோல்மால்’தான் மூலம். ஆனால் இங்கே ஆள் மாறியதும் சிரிப்பின் இடமும் மாறியது. அதுவரை சண்டையும் கோபமுமாகப் பார்த்துப் பழகிய ரஜினி, தேங்காய் சீனிவாசன் முன்னால் கைகட்டி நிற்கிறார், தம்பி வேஷத்துக்காக மீசையையே எடுக்கிறார். பாதிச் சிரிப்பு அந்த அதிர்ச்சியில்தான் இருந்தது. அதே கதையை 2013இல் மறுபடி எடுத்தார்கள். சிவா நல்ல நடிகர்தான், ஆனால் அவர் திரையில் வந்தாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் அதிர்ச்சிக்கு எங்கே போவது?

‘காசேதான் கடவுளடா’ 1972இல் வந்தது. சித்ராலயா கோபு மேடை நாடகமாக எழுதி, பிறகு படமாக இயக்கியது. மேடையில் ஏறி இறங்கிய வசனத்துக்கு ஒரு பலம் உண்டு. எந்த இடத்தில் கைத்தட்டு வரும், எந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் முன்னாலேயே பார்த்தாகிவிட்டது. தேங்காய் சீனிவாசனின் போலிச் சாமியாரை இன்றைக்கும் ஜனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2023இல் வந்த ரீமேக் எப்போது வந்தது, எப்போது போனது என்று உங்கள் கடைக்கு வருகிற பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் மதுரை தங்கம் தியேட்டரில் அன்றைக்கு 2,563 இருக்கைகள். 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்தது. தரை டிக்கெட்டில் ஒருவன் சிரித்தால் அது வரிசை வரிசையாக மேலே ஏறி பால்கனிக்கு வரும்போது அடுத்த வசனம் காதில் விழாது. விழாத வசனத்தைக் கேட்பதற்காகவே மறுநாள் மறுபடி வருவார்கள். இன்று அந்த இடம் ஜவுளிக்கடை. ஷாப்பிங் மாலில் நூற்றைம்பது பேர் உட்காரும் ஸ்கிரீனில், பாதி இருக்கை காலியாக இருக்கும்போது, எவ்வளவு நல்ல காமெடிக்கும் பக்கத்து ஆள் போனைத்தான் பார்ப்பான்.

‘அப்படியானால் ரீமேக்கே தேறாதா?’ என்பீர்கள். தேறிய ஒன்றை மதுரைக்காரனாக நான் சொல்லாமல் விட்டால் அடி விழும். ‘ஃப்ரெண்ட்ஸ்’. மலையாளத்தில் 1999இல் சித்திக் எடுத்தார். 2001இல் தமிழிலும் அவரே எடுத்தார். மலையாளத்தில் ஜெகதி ஸ்ரீகுமார் செய்த பாத்திரம்தான் இங்கே காண்ட்ராக்டர் நேசமணி. ஜெகதி சாதாரண ஆளில்லை, அங்கே அவர் ஒரு மலை. ஆனால் வடிவேலு அவரைப் பார்த்து நடிக்கவில்லை. நேசமணி திட்டுவதும் கெஞ்சுவதும் வலி தாங்காமல் முனகுவதும் இந்த ஊர்த் தெருவில் வெள்ளையடிக்க வரும் மேஸ்திரியின் தொண்டை. தன்கீழ் இருக்கிற ரெண்டு பேரிடம் அதிகாரம் காட்டிவிட்டு, வீட்டுக்காரர் வந்ததும் குரல் இறங்குகிறதே, அதை நீங்கள் எந்தக் கட்டட வேலையிலும் பார்க்கலாம். 2019 மே மாதம் யாரோ எங்கோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்’ என்று கேட்கப்போய், நேசமணி தலையில் விழுந்த சுத்தியல் என்று ஒருவர் பதில் எழுத, உலகமே நேசமணி பிழைக்கப் பிரார்த்தித்தது. படம் வந்து 18 வருடம் கழித்து! கதையை வாங்கியதால் வந்ததா இது? மூலத்தின் இயக்குநர் கூடவே இருந்தார், சிரிப்பைச் சுமக்கிற ஆள் சொந்த ஊர்ப் பேச்சில் புதிதாகச் செய்தார். இரண்டும் சேர்ந்தால்தான் உண்டு. உங்களுக்கு 15 லட்சத்துக்கு விற்கிறவர் இந்த இரண்டில் எதையும் கூடச் சேர்த்துத் தரவில்லை.

‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’ ஓடியதே என்று மகன் சொல்வார். ஓடியது. பவர் ஸ்டாரைப் பார்க்க வந்த கூட்டம் அது. மேலும், அதற்கு மூலமான, 1981இல் வந்த ‘இன்று போய் நாளை வா’ தன் கதை, தன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று பாக்யராஜ் அப்போது போலீஸ் கமிஷனர் அலுவலகம்வரை போனார். ஆக, ஓடின படத்துக்கும் பஞ்சாயத்து வந்தது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. உண்மையில் எனக்குக் கவலை இதில்தான்.

அந்த ஆள் உங்களிடம் காட்டப்போவது பெரும்பாலும் மூன்று காகிதத்தில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நெகட்டிவ் உரிமைப் பத்திரம். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர் பைனான்சியரிடம் நெகட்டிவை வைத்துக் கடன் வாங்குவார். மீட்க முடியாமல் போனால் அது கைமாறும், அங்கிருந்து இன்னொருவருக்கு, அப்புறம் இன்னொருவருக்கு. ‘99 வருடம், சகல உரிமைகளும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தச் ‘சகல’த்தைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு, டிவியில் ஒளிபரப்பும் சாட்டிலைட் உரிமை. பழைய படத்தை அப்படியே போட்டுக் காட்டலாம், அவ்வளவுதான். மூன்று, டைட்டில் பதிவு. இது இருக்கிறதிலேயே மோசம். தலைப்பைத் தயாரிப்பாளர் சங்கத்தில் பதிவு செய்த ரசீதைக் காட்டி ‘ரீமேக் ரைட்ஸ்’ என்பார்கள். தலைப்பு வேறு, கதை வேறு. பலகையை வாங்கினால் கடை உங்களுடையதாகிவிடுமா?

கதையை மறுபடி எடுக்கும் உரிமை கதை, திரைக்கதை எழுதியவரிடமிருந்து வர வேண்டும். ‘ஆரண்ய காண்டம்’ வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தயாரிப்பாளர் படத்தை வேறு மொழியில் டப்பிங் செய்து கொள்ளலாம், ஆனால் திரைக்கதை எழுதியவர் சம்மதமில்லாமல் ரீமேக் செய்ய முடியாது என்று. ஆகவே தயாரிப்பாளரின் பேரன் கையெழுத்து இருக்கிறது என்பதோடு திருப்தி ஆகாதீர்கள். எழுத்தாளர் எழுதிக் கொடுத்தாரா என்று கேளுங்கள். அவர் இல்லையென்றால் வாரிசுகள், ஒருவர் விடாமல்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: ‘அறுபது வருடம் தாண்டிய படம், யாரையும் கேட்க வேண்டாம்.’ உங்கள் படம் 1970களது என்பதால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் நாளைக்கு இதே ஆள் இதையும் சொல்வார். சட்டப்படி படத்துக்கு 60 வருடம், அது வெளிவந்த அடுத்த வருடம் முதல் எண்ண வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’ 1964. எனவே படத்தின் கணக்கு 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. கதைக்கு அப்படியில்லை. எழுதியவர் மறைந்த பிறகு 60 வருடம். அதை எழுதி இயக்கிய ஸ்ரீதர் மறைந்தது 2008இல். அவரை வைத்து எண்ணினாலே 2068 வரை போகிறது. நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா முகம் வெளிறிப்போவதை எடுத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால், முதலில் வக்கீலைப் பார்க்கட்டும். பாலையா மாதிரி பயப்படத் தெரிந்த ஆளை அப்புறம் தேடலாம்.

பத்திரம் சரியாக இருந்தாலும் அதிலும் ஓட்டை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதபட்சத்தில், உரிமை போய்விடும். உங்கள் மகன் ஹீரோ தேதிக்காகக் காத்திருப்பதிலேயே ஒரு வருடம் ஓடிவிடும். அதற்குள் அந்த ஆள் இன்னொரு அப்பாவுக்குப் போன் பண்ணிக்கொண்டிருப்பார்.

ஒரு செண்டு நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம். ஒரு படத்தின் கதை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க இந்த நாட்டில் அப்படி ஒரு ஜன்னல் இல்லை. பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, அதனால் பழைய படங்கள் பலவற்றை யாரும் பதிவு செய்ததும் கிடையாது. தலைப்பைப் பதிய ஒன்றுக்கு மூன்று இடம் உண்டு. கதை யாருடையது என்று கேட்டால் மூன்று பேரும் கோர்ட்டைக் காட்டுவார்கள். கோர்ட் தேதி கொடுக்கும். நான் பட்டது இது. 90களின் கடைசியில் ஒரு ரீமேக்கை எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி பணம் முன்னாலேயே கட்டி வாங்கினேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ். புதன்கிழமை இன்னொருவர், இதே கதைக்கு என்னிடமும் பத்திரம் இருக்கிறது என்று தடை வாங்கிவிட்டார். வியாழன் ராத்திரி முழுக்க ரயிலடியில் படச்சுருள் பெட்டிக்காக நின்றேன். பெட்டி வரவில்லை. கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வர ஆறு வருடம் ஆனது. எனக்கு விற்றவர் அதற்குள் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எழுத்தாளர் தொடங்கி இன்றைய ஆள்வரை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பேச்சை நிறுத்திவிடுங்கள். எல்லாம் இருந்தால், படத்தொழில் தெரிந்த வக்கீலை வைத்து, ‘இந்தப் படத்தின் ரீமேக் உரிமையை என் கட்சிக்காரர் வாங்கப்போகிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும்’ என்று தினசரியில் அறிவிப்புக் கொடுங்கள். சில ஆயிரம் செலவாகும். உங்கள் ஊரில் சொத்து வாங்குகிறவர்கள் செய்கிற அதே காரியம்தான். வாரிசு யாராவது இருந்தால் எங்கிருந்தாவது கிளம்பி வருவார்.

மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் அந்தக் காலத்து நடிகர் செய்த இடத்தில் யாரைப் போடப்போகிறாய், அவர் என்ன புதிதாகச் செய்வார் என்று. அதற்குப் பதிலாக ‘கதை செம்மப்பா’ என்றால் மேலே பேச வேண்டாம்.

நகல் கேட்டு இரண்டு நாள் பொறுத்திருங்கள். தினமும் வந்துகொண்டிருந்த போன் அதற்கு அப்புறமும் வந்தால், கையில் கிடைத்த காகிதத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.